பச்சை பீரோவைக் கொடுத்தனுப்பிய சாராள் பெரியம்மா

சாராள் பெரியம்மாவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று அம்மா சொன்னபோது, பக்கத்தில் இருந்த சித்தப்பா, "யாரு மனசும் நோவாம எழுதும்மா" என்றார். பெரியம்மாவின் மனம் நொந்த நாட்களில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவே நான் ஒரு பக்கத்தில் நிறுத்தவில்லை. யாரையும் விட்டுவிடவும் இல்லை.

செய்தி வந்தபோது நான் பள்ளி நூலகத்தில் இருந்தேன். சித்தப்பா வாசலில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். "பெரியம்மா போயிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். இருதயம் பலவீனமாகி அவர்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது, "அடுத்த வாரம் வரும்போது பரீட்சை பேப்பரோட வா" என்றார்கள். ஒரத்தநாடு வீட்டுக்கு வண்டியில் போகும் வழியெல்லாம் அந்தப் பேப்பரை யாரிடம் காட்டுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா தொலைபேசியில் இருந்தார்கள். மறுமுனையில் நன்னிலம் ஆசீர்வாதம் அவர்கள். பெரியம்மாவின் காலஞ்சென்ற கணவருக்கு அண்ணன். நான் அம்மாவின் தோளை ஒட்டி நின்றதால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அடக்கம் எப்பங்க?" என்றார். அம்மா சொன்னார்கள்.

"சரி. அந்த பீரோ அங்கதான இருக்கு?"

"இருக்குங்க."

"யாரும் தொட வேண்டாம். அது எங்க குடும்பத்துச் சாமான். நினைவு ஜெபத்துக்கு வரும்போது வண்டியோட வர்றேன், எடுத்துக்கிறேன்."

அம்மா, "வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எப்படி இறந்தார்கள், கடைசியில் என்ன பேசினார்கள் என்று ஆசீர்வாதம் அவர்கள் கேட்கவில்லை. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெரியம்மாவைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அவர்கள் என் அம்மாவின் அக்கா. நன்னிலத்தில் நெல் விவசாயம் செய்யும் பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். பெரியப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தார். குழந்தைகள் இல்லை. அந்த வீட்டின் அடுப்படியைப் பெரியம்மாவும், ஆசீர்வாதம் அவர்களின் மனைவி லில்லி அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். மஞ்சள் காமாலையில் பெரியப்பா இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பியதும் பெரியம்மா தன் கணவரின் பங்கைப் பற்றிக் கேட்டார்கள்.

"பட்டா எங்க பேர்ல இருக்கு. உங்களுக்கு எதுக்குங்க நிலம், உழப் போறீங்களா?" என்று ஆசீர்வாதம் அவர்கள் சிரித்தாராம். பிறகு அடுப்படியைக் காட்டி, "அம்மா வச்சிருந்த பச்சை பீரோ இருக்குல்ல, அத எடுத்துக்கங்க. குடும்பத்து நெனப்பா இருக்கும்" என்றாராம்.

ஊறுகாய் ஜாடியும் பழைய பாத்திரமும் வைக்கிற, கதவு சரியாக மூடாத பீரோ அது. அதைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, பின்னால் உட்கார வைத்துப் பெரியம்மாவையும் அனுப்பினார்கள். டிரைவர் பக்கத்து இருக்கையில் ஆசீர்வாதம் அவர்களின் ஆள் ஒருவர் தஞ்சாவூருக்குப் போகிற வேலையாக உட்கார்ந்துகொண்டாராம். சம்பா அறுவடை நேரம். வழியெல்லாம் வைக்கோல் தூசி. எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது பெரியம்மாவின் தலைமுடியே மஞ்சளாக இருந்தது என்று அம்மா சொல்வார்கள். "பங்கு வந்திருக்கு, எறக்குங்க" என்பதுதான் அவர்கள் சொன்ன முதல் வார்த்தை.

நன்னிலம் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்மஸுக்கு ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பார்கள். டப்பாவில் மிச்சம் இருப்பதை வீணாக்கக் கூடாது என்று மரச் சாமான்கள் மேல் அடித்துவிடுவார்கள். பழைய பெயிண்டைச் சுரண்ட மாட்டார்கள், துடைக்கக்கூட மாட்டார்கள். மேலேயே அடிப்பார்கள். கரப்பான்பூச்சி ஒன்று பெயிண்டுக்குள் சிறகோடு ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த பீரோ கார் கொட்டகையில் கிடந்தது. எங்களிடம் கார் கிடையாது. ஒருநாள் பெரியம்மா பிசுக்கைப் போக்குவதற்காகத் தோசைத் திருப்பியால் லேசாக நெம்பினார்கள். பச்சை ஒரு தோலாக உரிந்து வந்தது. அதன் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே கிரீம், அதற்கும் கீழே செம்பழுப்பில் மரம். பெரியம்மா அதை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஆசாரியை அழைத்து வந்து காட்டினார்கள். "பர்மா தேக்குங்க. இதுமேல யாருங்க இப்படி அடிச்சது?" என்றார் அவர்.

"அடிச்சவங்கள்லாம் நல்லா இருக்காங்க" என்றார்கள் பெரியம்மா.

அன்று தொடங்கியதுதான் அவர்களுடைய வேலை. பெயிண்ட் ரிமூவரைத் தடவி, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, சுரண்டியால் ஒவ்வொரு பூச்சாக எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. பச்சை ஆசீர்வாதம். நீலம் லில்லி. கிரீம் மாமியார். "இன்னிக்கு லில்லிய முடிச்சாச்சு. நாளைக்கு மாமியார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கும். அம்மா சிரிக்க மாட்டார்கள்.

மேற்பலகையில் நெற்கதிர் செதுக்கியிருந்தது. ஒவ்வொரு நெல்மணிக்கும் இடையில் பெயிண்ட் அடைத்திருந்தது. ஊக்கின் முனையால் அதைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தார்கள். குறுக்கே ஒருமுறைகூடத் தேய்த்ததில்லை. "கோபத்தப் பெயிண்ட் மேல காட்டலாம். மரம் என்ன பண்ணுச்சு?" என்பார்கள். கடைசியில் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சு வைத்த துணி உருண்டையால் வட்டம் வட்டமாகப் பூசினார்கள். முடிந்ததும் அந்த பீரோவை உள் அறையில் வைத்து என் புத்தகங்களை அடுக்கச் சொன்னார்கள்.

பிறகு ஊரிலிருந்து சாமான்கள் வர ஆரம்பித்தன. கால் உடைந்த மேஜை, சாய்வு நாற்காலி, கண்ணாடி போன அலங்கார மேஜை எல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்தன. திருத்துறைப்பூண்டியிலிருந்துகூட ஒரு கட்டிலைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் பெரியம்மா பாலிஷ் போடவில்லை. காட்டு மரமாக இருந்தால் பட்டி பார்த்துப் பள்ளங்களை அடைத்து, பிரைமர் அடித்து, நல்ல நிறத்தில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெளிர் நீலமும் அதில் வெள்ளைக் கரையும் அவர்களுக்குப் பிடிக்கும். ஒருவர் வேம்பு மேஜைக்குத் தேக்கு நிறம் கேட்டார். "வேம்புக்கு என்னங்க கொறச்சல்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எந்த வேலையிலும் என்னைக் கைவைக்க விட்டதில்லை. "நீ போய்ப் படி" என்பார்கள். நான் கொட்டகைப் படியில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன். போர் வந்தால் சுரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். "தோத்தவன் என்ன ஆனான்?" என்பார்கள். தப்பி ஓடினான் என்று வாசிப்பேன். "அப்புறம் திரும்பி வந்தானா?" பாடத்தில் அது இல்லை என்றால், "என்ன புஸ்தகம் போடுறாங்க" என்று சலித்துக்கொள்வார்கள்.

சபையில் பலமுறை அவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் புத்தி சொன்னார்கள். அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. "மன்னிக்க நான் தயாருங்க. யாரும் வந்து கேக்கலையே. கேக்காதவங்களுக்கு எப்படிக் குடுக்குறது?" என்றார்கள். அது தவறு என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

எங்களோடு வசித்தாலும் பெரியம்மா தன் சபை உறுப்பினர் பெயரை ஒரத்தநாட்டுக்கு மாற்றவில்லை. "பட்டாவுலதான் எடுத்துட்டாங்க. கோயில்லயாவது இருக்கட்டும்" என்று நன்னிலத்திலேயே வைத்திருந்தார்கள். வருடத்தில் சில ஞாயிறுகள் பேருந்தில் போய், ஆசீர்வாதம் அவர்கள் உட்காரும் வரிசைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, முழுக் குரலில் பாடிவிட்டு வருவார்கள். அவர் அந்தச் சபையின் பொருளாளர்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. குரலில் தேன் சொட்டியது. "அம்மா ஞாபகமாவே இருக்குங்க. அந்தப் பச்சை பீரோவப் பாத்தாலாவது ஆறுதலா இருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கட்டுமா?" என்றார். அந்த வீட்டு அடுப்படியை இடித்துக் கட்டுகிறார்கள் என்றும், பீரோவுக்கு ஜோடியான சின்ன மேஜையைச் சுரண்டிப் பார்த்த ஆசாரி அது பர்மா தேக்கு என்று சொல்லிவிட்டார் என்றும் பிற்பாடு தெரிந்தது. பெரியம்மா அப்போதே ஊகித்துவிட்டார்கள்.

"பச்சை பீரோதானங்க? தாராளமா வந்து எடுத்துக்கங்க" என்றார்கள்.

கொட்டகையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன பீரோ ஒன்று கிடந்தது. தூங்குமூஞ்சி மரம். ஏறக்குறைய அதே உயரம். பெரியம்மா அதற்கு முதலில் கிரீம் அடித்தார்கள். காய்ந்ததும் நீலம். அதற்கு மேல் பச்சை. விளிம்புகளைத் தேய்த்து, அடுப்படிப் பிசுக்கைத் துணியில் எடுத்துப் பூசினார்கள். கதவையும் சரியாக மூடாதபடி கீலைத் தளர்த்தினார்கள். ஒரு பூச்சுப் பச்சை போதாதா என்று கேட்டேன்.

"சுரண்டட்டும். கை வலிக்கட்டும்" என்றார்கள்.

"இது ஏமாத்துறது இல்லையா பெரியம்மா?"

தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அவரு என்ன கேட்டாரு? பச்சை பீரோ. தேக்கு பீரோன்னு கேக்கட்டும், உள்ள அழைச்சிட்டுப் போயி நானே காட்டுறேன். கேக்க மாட்டாரு. கேட்டா, தேக்குன்னு தெரிஞ்சுதான் ஓடி வந்தேன்னு ஒத்துக்கணும்ல?"

ஆசீர்வாதம் அவர்கள் லில்லி அம்மாவையும் இரண்டு சுமை ஆட்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். அம்மா உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் அவர்கள் பீரோவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆயுள் முழுவதும் அந்த வீட்டு அடுப்படிக்குள் அவர் கால் வைத்ததில்லை. தட்டு தானாக வெளியே வரும். ஆகவே அவர் பீரோவை அடையாளம் காண முடியாது என்று பெரியம்மா கணக்குப் போட்டிருந்தார்கள். லில்லி அம்மாவும் வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

லில்லி அம்மா பீரோவின் கதவைத் திறந்தார்கள். உள்ளே தட்டுகளைத் தடவினார்கள். தலையைத் தூக்கி மேற்பலகையைப் பார்த்தார்கள். நெற்கதிர் எதுவும் இல்லாத, மொட்டையான பலகை. தன் கையால் எத்தனையோ கிறிஸ்மஸுக்கு நீலம் அடித்தவர்களுக்கு அது தெரியாதா?

"என்ன லில்லி, இதானே?" என்றார் ஆசீர்வாதம் அவர்கள்.

லில்லி அம்மா பெரியம்மாவையே பார்த்தபடி, "இதேதான்" என்றார்கள்.

தூக்கிய ஆட்களில் ஒருவர், "கனமே இல்லையேங்க" என்றார்.

"பழைய மரம்ல. காஞ்சு போயிருக்கும். பேசாம ஏத்துப்பா" என்று அவர் அதட்டினார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். இந்த முறை குரலில் தேன் இல்லை. பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லாரையும் கேட்க வைத்தார்கள்.

"இது எங்க பீரோ இல்லைங்க."

"எப்படிங்க சொல்றீங்க?"

"சுரண்டிப் பாத்தோம். உள்ள வேற மரம்."

"அம்மா ஞாபகத்த எதுக்குங்க சுரண்டுனீங்க?"

பெரியம்மா நிதானமாகச் சொன்னார்கள். "பச்சை பீரோ கேட்டீங்க, பச்சை பீரோ குடுத்தேன். நெனப்பா வச்சுக்கங்க."

அன்று மாலை தெரு முழுவதற்கும் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்ல ஒரு போர் முடிஞ்சுது" என்றார்கள். ஆனால் லில்லி அம்மா ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் அவர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. அதன் பிறகு நீல நிறத்தை யார் பெயரைச் சொல்லியும் அவர்கள் திட்டியதில்லை.

போர் உண்மையில் முடிந்திருக்கவில்லை. உண்மையான பீரோ எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று ஆசீர்வாதம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மா உயிரோடு இருந்தவரை வந்து கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இறந்த அன்று வந்துவிட்டது.

நினைவு ஜெபம் போன சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் நடந்தது. அவர் சொன்னபடியே காலி வண்டியோடும் ஆட்களோடும் லில்லி அம்மாவோடும் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். உள் அறைக் கதவு திறந்தே இருந்தது. எல்லாரும் பெரியம்மாவின் படத்தைப் பார்த்தார்கள். அவர் கதவைப் பார்த்தார். அந்தக் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அம்மாவிடம் போய், "விட்டுடுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "போயி சேர் எடுத்துப் போடு" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது.

நன்னிலம் சபையின் போதகர் ஐயா தேவசெய்தி கொடுக்க வந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"சகோதரி சாராள் அவர்களை ஆஸ்பத்திரியில பாக்கப் போயிருந்தேன். அவங்க தங்கச்சியும் கூட இருந்தாங்க. அப்ப ஒரு நல்ல காரியம் சொன்னாங்க. தன் பங்கா வந்த தேக்கு பீரோவ நம்ம சபைக்குக் காணிக்கையாக் குடுக்குறேன்னாங்க. நற்கருணைப் பாத்திரமும் அங்கிகளும் இனி அதுலதான் இருக்கும். ரெண்டே விஷயம் கேட்டுக்கிட்டாங்க. கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறப்ப அதுமேல ஒரு சொட்டுப் பெயிண்டும் படக் கூடாது. அப்புறம், சாவி பொருளாளர்கிட்ட இருக்கணும். அவரே ஒவ்வொரு ஞாயிறும் தொறந்து, தொடச்சுப் பராமரிக்கணும். அவருமேல அவ்வளவு மரியாதை வச்சிருந்திருக்காங்க."

எல்லாரும் ஆசீர்வாதம் அவர்களைப் பார்த்தார்கள். போதகர் ஐயாவுக்குக் கதை எதுவும் தெரியாது. அவர் மகிழ்ச்சியோடு தொடர்ந்தார். "அண்ணன் இப்பவே வண்டியும் கொண்டாந்துட்டாங்க. அவங்க கையாலயே எடுத்துட்டுப் போகட்டும்."

ஆசீர்வாதம் அவர்களின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். வராதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நான் என் புத்தகங்களை எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். ஆட்கள் தூக்கினார்கள். இந்த முறை கனம் இருந்தது. மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. சித்தப்பா நகரவில்லை. ஆசீர்வாதம் அவர்களே வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு ஒரு மூலையைப் பிடித்தார்.

லில்லி அம்மா என் பக்கத்தில் நின்றார்கள். நான் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் இதேதான்னு சொன்னீங்க?"

"எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்சப்புறம் நானும் உங்க பெரியம்மாவும் அந்த அடுப்படிலதான் உக்காந்து சாப்டுவோம் பாப்பா. கொழம்பு இருக்கோ இல்லையோ, எனக்கு எடுத்து வச்சிருப்பா. அவள வண்டில ஏத்துனப்ப நான் வாயத் தொறக்கல. தொறக்குறதுக்கு ஒரு நாள் கெடச்சுது." பிறகு வண்டியைப் பார்த்து, "இனிமே ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல இவரப் புடிக்க முடியாது" என்றார்கள். அவர்கள் சிரித்தார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. எனக்கு ஒண்ணு அனுப்பு. அவருக்கும் நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்றார்கள்.

வண்டியில் ஏற்றியதும் சிறு தூறல் ஆரம்பித்தது. டிரைவர் பக்கத்து இருக்கையில் லில்லி அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஆசீர்வாதம் அவர்களுக்குப் பின்னால்தான் இடம் இருந்தது. அவர் தார்ப்பாயை இழுத்து பீரோவின் மேல் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தார்ப்பாய் பீரோவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் நனைந்துகொண்டே போவதைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை.

பெரியம்மா, நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. நிம்மதியாக உறங்குங்கள்.

உள்ளே வந்தபோது வாடகை நாற்காலிகளை அடுக்கி முடித்திருந்தார்கள். அம்மா கொட்டகையிலும் கூடத்திலும் விளக்குகளை அணைத்தார்கள்.